கடைக் கண்ணாடியில் வந்த முகம்

கல்முனைப் பசாரில் அதுவரை கண்ணாடி போட்ட கடை கிடையாது. எல்லாம் பலகைக் கதவுதான். காலையில் ஒவ்வொரு பலகையாகக் கழற்றிச் சுவரோரம் சாத்துவார்கள், அந்தியில் திரும்ப மாட்டுவார்கள். இந்த வழக்கத்தை உடைத்தவர் புடவைக்கடைச் சீனிமுகம்மது முதலாளி. சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போனவர், அங்கே கடைகளின் முன்னால் ஆள் உயரக் கண்ணாடிகள் நிற்பதையும் அவற்றில் அலங்காரமாக எழுதியிருப்பதையும் கண்டுவிட்டு வந்து, சில நாள் சோறே சரியாகத் தின்னவில்லையாம். ஊர் அப்படித்தான் சொன்னது. ஊர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். ஆனால் மட்டக்களப்புவரை ரயிலிலும், அங்கிருந்து வைக்கோல் சுற்றி லொறியிலுமாக ஒரு பெரிய கண்ணாடியைக் கொண்டுவந்து இறக்கினாரே, அது உண்மை. இறக்கிய அன்று பசாரில் வியாபாரம் நடக்கவில்லை. எல்லாரும் அதில் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதில் எழுதுவதற்குச் சாய்ந்தமருதுக் காலிதீனை விட்டால் வேறு ஆள் ஏது? கரையில் நிற்கும் தோணிகளின் பெயர், பஸ்ஸின் நெற்றி, பள்ளிவாசல் உண்டியல், சோடாக் கடைப் பலகை, எல்லாம் அவன் கை. ‘காலிதீன் எழுதினால் எழுத்துக்கு எலும்பு வரும்’ என்று ஆட்கள் சொல்வது அவன் காதிலும் விழாமல் இல்லை. ஆனால் இவ்வளவு எழுதியவனிடம் ஒரு முகம் கீறித் தா, படமாக வரைந்து தா என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் ஊர்களில் அதை யார் கேட்பார்? பூ கேட்பார்கள், கொடி கேட்பார்கள், மிஞ்சிப்போனால் பிறையும் நட்சத்திரமும். முகம் கீறும் ஆசை அவனுக்குள் கிடந்தது. கிடந்தது என்று அவன் பெண்சாதிக்குக்கூடத் தெரியாது.

முதலாளி அதைத்தான் தட்டி எழுப்பினார்.

"எழுத்து மட்டும் போதாது காலிதீன். நடுவில ஒரு பொம்பிளை வேணும். மருதமுனைச் சீலை உடுத்து, முக்காடு போட்டு, லேசாச் சிரிக்கிற மாதிரி. கொழும்பில அப்பிடித்தான் வெச்சிரிக்கானுகள்."

"உருவம் கீறுற மார்க்கத்தில ஹறாம் எண்டு பள்ளி லெப்பை சொல்லுவார் முதலாளி."

"லெப்பைக்கு நான் பதில் சொல்றன். மறுமையில கேட்டாலும் நானே சொல்றன். நீ கீறு. ஏலாதெண்டா சொல்லு, மட்டக்களப்பில ஆள் இரிக்கி."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவனை விழுத்தியது. ஹறாம் என்று சொன்ன வாய் மூடுவதற்கு முன்னமே, அந்தப் பொம்பிளையின் முக்காடு எப்படி மடியவேண்டும் என்று அவன் மனம் யோசிக்கத் தொடங்கிவிட்டது.

கண்ணாடி வேலை பலகை வேலையைப் போல் இல்லை. மழையும் கடற்காற்றும் சாயத்தைத் தின்னாமல் இருக்க, கடைக்கு உள்ளே நின்று கண்ணாடியின் உட்பக்கத்தில்தான் எழுதவேண்டும். பலகையில் கடைசியாக வைப்பது மேலே தெரியும். கண்ணாடியில் எல்லாம் மாறு. முதலில் வைப்பதுதான் தெருவுக்குத் தெரியும், பிறகு வைப்பதெல்லாம் அதற்குப் பின்னால் போய்விடும். முகம் என்றால் முதலில் வெறும் கண்ணாடியில் கண்ணும் புருவமும் உதடும் வைக்கவேண்டும். அவை காய்ந்த பிறகு, அவற்றின் முதுகில் தோல் நிறத்தைப் பூசவேண்டும். பூசிவிட்டால் பிறகு திருத்த வழியில்லை. சுரண்டினால் முழுமுகமும்தான் போகும்.

எழுத்துக்குக் கடதாசி உண்டு. பெரிய கடதாசியில் எழுத்தைக் கீறி, கோட்டின்மேல் நெருக்கமாக ஊசியால் குத்தி, கண்ணாடியில் ஒட்டிக் கரித்தூள் பொட்டணத்தால் தட்டினால், புள்ளி புள்ளியாக எழுத்து இறங்கிவிடும். ஊசி குத்தும் வேலை அவன் பெண்சாதி ஹாஜறாவுடையது. கலியாணம் முடித்த காலந்தொட்டு அவள்தான் குத்துகிறாள். எந்தச் சாயம் எப்போது காயும், எதற்குப் பின் எதைப் பூசவேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. சில நேரம் அவன் மறந்தால் அவள்தான் ஞாபகப்படுத்துவாள்.

முகத்துக்கு அவன் கடதாசி கீறவில்லை. வீட்டில் வைத்து ஒரு பொம்பிளையைக் கீறக் கூச்சமாக இருந்தது. தெருப்பக்கம் கண்ணாடியைத் திரையால் மூடிவிட்டு, கடையின் உள்ளே நின்று, பசார் தூங்கும் மத்தியான நேரங்களில் நேரே கண்ணாடியில் கீறினான். புருவம் இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. கண் வந்தது, உதடு வந்தது. கை நிற்கவே இல்லை. இவ்வளவு லேசாக வரும் என்று அவன் நினைக்கவில்லை.

அந்தக் காலத்தில் அவன் வீட்டில் ஒரு கலியாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹாஜறாவின் தங்கச்சி ஹப்ஸாவுக்கு. வாப்பா, உம்மா இரண்டு பேரும் மௌத்தாகி, பிள்ளைகள் தனியாகிப்போன வீடு. ஹாஜறாதான் தங்கச்சியை வளர்த்தவள். காலிதீன் மாப்பிள்ளையாக அந்த வீட்டுக்கு வந்தபோது ஹப்ஸா சின்னப்பிள்ளை. அவன் தூரிகைகளைக் கழுவித் தருவாள், கூலியாக ஒரு தோடம்பழ இனிப்புக் கேட்பாள். பெரியபிள்ளையானதும், ஆண்கள் கண்ணில் படாமல் மறைப்புத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். அதற்குப் பிறகு ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவனுக்கு அவள் ஒரு குரலும் ஒரு கையுந்தான். தேத்தண்ணிக் கோப்பை மறைப்புக்கு அடியால் வரும். "மச்சான், தேத்தண்ணி" என்று ஒரு சத்தம் வரும். அவ்வளவுதான். ஊரில் வேறு எந்த ஆணும் அவளைக் கண்டதில்லை.

பொருத்தம் நல்ல பொருத்தம். மாப்பிள்ளை மக்கீன், நிந்தவூர், அட்டாளைச்சேனையில் பயிற்சி முடித்த வாத்தியார். அவருடைய உம்மா சபியா உம்மா வந்து பெண்ணைப் பார்த்தாள். நாடியைத் தூக்கிப் பார்த்தாள், முடியை அவிழ்த்துப் பார்த்தாள், இடது கன்னத்தில் உதட்டோரம் இருந்த மச்சத்தை விரலால் தொட்டு, "இது அழியுற மையா, இல்ல ஆண்டவன் வெச்சதா?" என்று பகிடி பண்ணினாள். வீடு முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்போடு கலியாணம் பேசி முடிந்தது. தங்கச்சியை ஒரு நல்ல கையில் ஒப்படைத்துவிட்டால் தன் கடமை முடிந்தது என்றிருந்த ஹாஜறா ஒவ்வொரு தொழுகையிலும் அழுது கேட்டது இதைத்தான். இதைத் தவிர அவளுக்கு அல்லாஹ்விடம் வேறு வேண்டுதல் இருந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்த கையோடு முதலாளி திரையை விலக்கினார். தெரு அடைத்துப்போனது. பச்சைக் கரை வைத்த சீலை, நெற்றியில் இறங்கிய முக்காடு, சிரிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற உதடு. கீழே வளைந்து வளைந்து கடையின் பெயர். லெப்பை முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்; போகுமுன் ஒரு தரம் நன்றாகவே பார்த்துவிட்டுத்தான் திருப்பினார். மற்றவர்கள் வெட்கப்படாமல் பார்த்தார்கள். காலிதீனின் தோளைத் தட்டினார்கள். மட்டக்களப்பில் மட்டுமென்ன, கொழும்பிலும் இப்படி இல்லை என்றார்கள். அன்று அவனுக்கு நிலத்தில் கால் பாவவில்லை. பார்த்த ஆண்களில் ஒருவருக்கும் அந்த முகம் யாருடையதென்று தெரியாது. தெரிய வழியும் இல்லை.

பெண்களுக்குத் தெரிந்தது.

கலியாணச் சீலை எடுக்கக் கூடார வண்டில் கட்டிக்கொண்டு நிந்தவூரிலிருந்து வந்த சபியா உம்மா, கடைக்கு முன்னால் நின்றதும் வண்டில் திரையை விலக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். இறங்கவில்லை. "வண்டிலைத் திருப்பு" என்று மட்டும் சொன்னாளாம். முதலாளி கும்பாவில் குளிர்ந்த தண்ணீரோடு வெளியே ஓடிவந்தபோது வண்டில் வந்த வழியே காரைதீவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நாள் காலை, அவர்கள் குடிக்குத் தலைவரான மரைக்கார் ஷரிபுதீன் காலிதீனின் வீட்டு வளவுக்குள் வந்தார். கலியாணம் பேசியவர் அவர்தான். கதிரை போட்டும் உட்காரவில்லை.

"காலிதீன், நான் சுத்தி வளைக்காமச் சொல்றன். மாப்பிள்ளைட உம்மா சொல்லி அனுப்பியிரிக்கா. ‘பொண்ணுட முகத்தை எங்கட வீட்டுப் பொம்பிளையள் மட்டுந்தான் பார்த்த எண்டு நினைச்சம். இப்ப மாடு மேய்க்கிறவனும் மீன் விக்கிறவனும் பாக்கிறான். மச்சத்தோட பாக்கிறான். மச்சான்காரன் கீறுற அளவுக்குப் பார்த்த பொண்ணு எங்களுக்கு என்னத்துக்கு?’ இதுதான் வார்த்தை. நான் ஒண்டும் கூட்டல்ல."

காலிதீனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அவன் கண்ணுக்குள் அந்தக் கண்ணாடி வந்தது. புருவம், கண், உதடு. உதட்டோரம் ஒரு பொட்டு. யா அல்லாஹ். இத்தனை நாள் அதை வெறும் முகம் என்றுதான் நினைத்திருந்தான். மரைக்கார் சொன்ன பிறகுதான் அது ஹப்ஸாவாக மாறியது. மாறிய பிறகு வேறு யாராகவும் தெரிய மறுத்தது.

மறைப்புக்குப் பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. யாரும் அதை எடுக்கவில்லை.

ஹாஜறா கத்தவில்லை. கத்துவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் சீலையை மாற்றிக்கொண்டு, பக்கத்து வளவில் வண்டில் கேட்டு வாங்கி, தனியே கல்முனைக்குப் போய்வந்தாள். வந்ததும் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள். அவன் வாசற்படியில் நின்றான்.

"முகத்துக்கும் கடதாசி கீறினீங்களா?" அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இல்ல. கை போன போக்கில கீறினன்."

"ஆரை நினைச்சி?"

"ஆரையும் நினைக்கல்ல. அல்லாஹ் மேல ஆணையா நினைக்கல்ல, ஹாஜறா."

"அப்ப மச்சம்?"

உண்மையைச் சொல்ல அவனிடம் உண்மை இருக்கவில்லை. எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாதபோது என்னத்தைச் சொல்வான்? ஆனால் சும்மா நிற்கவும் பயமாக இருந்தது. பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னான்.

"அது மச்சமில்ல. எல்லாம் முடிஞ்சி கடைசில தூரிகையைத் தூக்கக்குள்ள ஒரு சொட்டுத் தெறிச்சிட்டு. துடைச்சா அழுக்காகும் எண்டு விட்டுட்டன்."

ஹாஜறா அகப்பையைக் கீழே வைத்தாள். அப்போதுதான் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"கடைசிலயா?"

"ஓம்."

"கடைசில தெறிச்ச சொட்டு எப்பிடித் தெருவுக்குத் தெரியும்?"

அவன் கண்ணை அடுப்புப் பக்கம் திருப்பினான்.

"கண்ணாடில கடைசியா விழுறது பின்னுக்குத்தானே போகும். தோல் நிறம் அதை மறைச்சிரிக்கும். இத எனக்கிட்டயா சொல்றீங்க? ஊசி குத்திக் குத்தி விரல் மரத்துப்போனவளுக்கிட்டயா?" அவள் குரல் உயரவே இல்லை. "அது முன்னுக்கு நிக்கிது. கண்ணு வெக்கக்குள்ள, உதடு வெக்கக்குள்ள, அதோட சேத்து வெச்சிரிக்கீங்க. கன்னம் இன்னும் வரல்ல, முகமே வரல்ல, வெறும் கண்ணாடில அவட மச்சம் வந்திட்டு."

"எனக்குத் தெரியாம வந்திட்டு ஹாஜறா. தெரிஞ்சி செஞ்சிரிந்தா என்ட கை அழுகிப் போகட்டும்."

"தெரிஞ்சி செஞ்சிரிந்தா ஏசிப்போட்டு விட்டிரிப்பன். தெரியாமச் செஞ்சதுதான் எனக்கு நோகுது."

அவள் அகப்பையைத் திரும்ப எடுத்தாள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. எப்போது பார்த்தேன் என்று மனதைப் போட்டுக் குடைந்தான். கிணற்றடியிலா, கதவிடுக்கிலா, கோப்பையை வைத்துவிட்டுக் கை திரும்பும்போதா? ஒரு தரமும் பார்த்ததாக நினைவில்லை. ஆனால் முகம் முழுவதும் நினைவிருந்தது. பெண்முகம் என்று ஒன்றைக் கீறச் சொன்னால் அவனுக்கு எந்த முகம் தெரியும்? தெருவில் போகிற பெண்களின் முகத்தையா அவன் கண்டான்? வீட்டுக்குள் இருந்த இரண்டு முகங்கள்தான் அவனுக்கு உலகத்துப் பெண்முகங்கள். இரண்டில் ஒன்றைக் கை எடுத்தது. இந்த நியாயத்தை அவன் தனக்குத்தானே பல தரம் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தரமும் ஏன் மற்றதை எடுக்கவில்லை என்ற இடத்தில் வந்து நின்றுபோனான்.

பின்னேரம் மறைப்புக்குப் பின்னால் ஹப்ஸா தன் அக்கா ஹாஜறாவிடம் அழுதுகொண்டே கேட்பது கேட்டது.

"ராத்தா, அது என்னைப் போலவா இரிக்கி?"

"வாயை மூடிக்கிட்டு இரி புள்ள."

"ஊரே பார்த்திட்டு. நான் மட்டும் பாக்கல்ல. எனக்கு என்ன நடந்தது எண்டு எனக்கே காட்டமாட்டீங்களா? நான் ஆருக்கு முன்னால போய் நிண்ட? மறைப்பை விட்டு ஒரு நாளாவது வெளிய வந்தனா?"

காலிதீன் சவர அலகை எடுத்து மடியில் செருகிக்கொண்டு கல்முனைக்கு நடந்தான். அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அந்த ஊரில் ஒருவனாவது பதில் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. முகத்தைச் சுரண்டி எறிந்துவிட்டால் அது பதிலாகிவிடும் என்று நினைத்தான்.

சீனிமுகம்மது முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பசாரில் எது தெரியாமல் போகும்?

"சுரண்டப் போறியா? சுரண்டு. நான் மறிக்கல்ல. ஆனா ஒண்டு யோசி. இண்டைக்கு வரைக்கும் அது ஒரு பொம்பிளைட படம். பார்த்த பொம்பிளையள் நாலு பேர் ஹப்ஸாவைப் போல எண்டு சொல்றாளுகள், அவ்வளவுதான். நீ சுரண்டினா, ஓம், அது என்ட மச்சினிதான் எண்டு நீயே பறை அடிச்சிச் சொல்ற மாதிரி. பிறகு ஆராலயும் அத இல்லையெண்டு சொல்ல ஏலா."

முதலாளிக்குத் தன் கண்ணாடியின் மேல் பாசம் என்பதும், கூட்டம் வந்து வியாபாரம் நடக்கிறது என்பதும் காலிதீனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் சொன்னதில் பிழையில்லை. அலகை மடியிலேயே வைத்துக்கொண்டு, அந்த முகத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். நன்றாகத்தான் வந்திருந்தது. அவன் கையால் இதற்கு முன்னும் இப்படி ஒன்று வந்ததில்லை, இனியும் வரப்போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினான்.

முதலாளி சொன்னதை ஹாஜறாவிடம் அப்படியே சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். அவளும் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள், அவனை விட ஒரு படி முன்னால்.

"சுரண்ட வேணாம். அது அங்கயே இரிக்கட்டும். அது என்ட முகம்."

"என்ன சொல்றாய்?"

"நீங்க உங்கட பெண்சாதியைக் கீறினீங்க. நான் கீறச் சொல்லி முன்னால இருந்தன். ராத்தாவும் தங்கச்சியும் ஒரு வயித்தில வந்த புள்ளையள், ஒரு சாயலில இரிக்கத்தானே செய்யும். நாளைக்கு நிந்தவூருக்குப் போறம். நீங்களும் வாங்க. ஒண்டும் கதைக்க வேணாம், வாசல்ல இருந்தாப் போதும்."

"மச்சம் ஒனக்கு இல்லையே."

"இல்லாட்டி வெச்சிக் கொள்றன். அண்டைக்குப் பொண்ணு பாக்க வந்தவ என்ட முகத்தையா பார்த்தா? நான் முக்காட்டை இழுத்துவிட்டு வெத்திலை வட்டாவோட ஓடித் திரிஞ்சன்."

அப்படிச் சொல்லிவிட்டு அவள் போய் ஹப்ஸாவின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் கூடார வண்டிலுக்குள் ஹாஜறா ஏறியபோது அவளுடைய இடது கன்னத்தில் உதட்டோரம் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. கண்ணுக்கு இடும் சுர்மாவைக் குழைத்து ஈர்க்கு முனையால் வைத்திருந்தாள். காலிதீன் வண்டிலுக்குப் பின்னால் நடந்தான். வயல் வெளியில் சனம் இருந்தது. நடந்த தூரம் முழுக்க அவன் தலையைத் தூக்கவில்லை.

சபியா உம்மாவின் வீட்டு வாசலில் அவனுக்கு ஒரு பாய் போட்டார்கள். உள்ளே பெண்கள். இடையில் ஒரு திரை. எல்லாம் கேட்டது.

"மாமி, நீங்க வண்டிலைத் திருப்பிக்கிட்டுப் போனதாக் கேள்விப்பட்டன். அந்தக் கண்ணாடில இரிக்கிற என்ட முகம். உங்களுக்குச் சந்தேகமெண்டா முக்காட்டை எடுக்கிறன், பாருங்க."

உள்ளே வளையல் சத்தம் கேட்டது. பிறகு சபியா உம்மாவின் குரல் வந்தது.

"மச்சமும் இரிக்கிதோ?"

"எங்கட உம்மாக்கும் இரிந்தது. ரெண்டு பேருக்கும் அவதான் தந்த."

"புருசன் கீறச் சொன்னா நீ போய் முன்னால இரிக்கிறதா? பசாரில வெச்சி ஆம்பிளையள் பாக்க? வெக்கமில்லையா புள்ள ஒனக்கு?"

"வெக்கந்தான் மாமி. புத்தியில்லாமச் செஞ்சிட்டன். குத்தம் என்ட. தங்கச்சி ஒரு பாவமும் அறியா. மறைப்பை விட்டு வெளிய வராத புள்ள அது. என்ட குத்தத்துக்கு அதைத் தண்டிக்காதீங்க."

"நல்லவேளை," என்றாள் சபியா உம்மா, பக்கத்தில் இருந்த யாரிடமோ. "மூத்தவளை நாம கேக்கல்ல."

உள்ளே இரண்டொரு பெண்கள் சிரித்தார்கள். காலிதீன் வாசலில் இருந்து அந்தச் சிரிப்பைக் கேட்டான். எழுந்து உள்ளே போய், பொய், இவள் சொல்வது முழுக்கப் பொய், குற்றம் என்னுடையது என்று சொல்லிவிட அவனுக்கு வாய் துடித்தது. சொன்னால் ஹப்ஸாவின் கலியாணம் அந்த நிமிடமே செத்துப்போகும். பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு பேசாமல் இருந்தான். பேசாமல் இருப்பதைத் தவிர அவனால் ஆகக்கூடியது எதுவும் அந்த வீட்டில் இருக்கவில்லை.

தேத்தண்ணி வந்தது. தேத்தண்ணி வந்தால் சம்பந்தம் முறியவில்லை என்று அர்த்தம். அவன் கோப்பையைப் பாயோரம் வைத்துவிட்டான்.

பிறகு ஊர் தன் வேலையைச் செய்தது. கண்ணாடியில் இருப்பது ஹாஜறாதான், மச்சம் மட்டும் அழகுக்குக் கீறியது என்று நாளடைவில் எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது. "பெண்சாதியைச் சீலைக்கு விளம்பரமாக்கிப்போட்டான்" என்று பசாரில் காலிதீனுக்கு முன்னாலேயே பகிடி பண்ணினார்கள். ஹாஜறா போனால் பெண்கள் கதையை நிறுத்தினார்கள். அவள் கடந்து போனதும் திரும்பத் தொடங்கினார்கள். அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாத மாதிரி அரிசி புடைத்தாள், மா இடித்தாள், தங்கச்சிக்குத் தலையணை உறை தைத்தாள். நிந்தவூரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் மட்டும் அறைக்குள் போய், பொட்டை வைத்துக்கொண்டு வருவாள். காலிதீனோடு தேவைக்குக் கதைத்தாள். தேவைகள் குறைந்துகொண்டே வந்தன.

கலியாண நாளன்று காலையிலிருந்தே நல்ல வெயில். வளவு நிறையப் பந்தல், பந்தல் நிறையச் சனம். குசினிக்குப் பின்னால் மூன்று அடுப்புகள் எரிந்தன. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வருவார். அவருக்கு முன்னால் அவர் வீட்டுப் பெண்கள் வந்துவிடுவார்கள். ஹாஜறா அடுப்புக்கும் அறைக்குமாக ஓடினாள். காலிதீன் பந்தல் காலில் சோடினைக் கடதாசி ஒட்டிக்கொண்டு நின்றபோது அவள் அறை வாசலில் வந்து நின்று, "இஞ்ச ஒருக்கா வாங்க" என்றாள்.

உள்ளே போனான். அவள் முகம் வேர்வையில் நனைந்திருந்தது. பொட்டு கரைந்து கன்னத்தில் கறுப்பாக இழுபட்டிருந்தது.

"சுர்மா நிக்குதில்ல. மூணு தரம் வெச்சிட்டன், மூணு தரமும் வேர்வையோட போகிது. உங்கட கறுப்புச் சாயத்தைக் கொண்டு வாங்க. அது அழியாதே. கெதியா, மாமி ஆக்கள் காரைதீவு தாண்டிட்டாங்களாம்."

அவன் சாயமும் மிகச் சின்னத் தூரிகையும் எடுத்து வந்தான். அவள் சீலைத் தலைப்பால் கன்னத்தை அழுந்தத் துடைத்துவிட்டு, சன்னல் வெளிச்சத்துக்கு முகத்தைக் காட்டி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். எத்தனை நாளைக்குப் பிறகு அவள் முகம் இவ்வளவு கிட்ட வருகிறது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அடுப்பு வெக்கையில் உதடு வெடித்திருந்தது. அவளிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. என்ன சொல்வதென்று தெரியாமல் தூரிகையைச் சாயத்தில் தொட்டான். கை போனது. ஒரே தொடலில் பொட்டு இருந்தது.

ஹாஜறா கண்ணைத் திறந்தாள். சுவரில் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு மறைப்பை விலக்கிக்கொண்டு அடுத்த அறைக்குள், மணப்பெண்ணாக இருந்த தங்கச்சியிடம் போனாள். அவன் தூரிகையோடு அப்படியே நின்றான். உள்ளே அவள் ஹப்ஸாவின் முகத்தைத் திருப்பிப் பார்ப்பது மறைப்பில் நிழலாகத் தெரிந்தது. "என்ன ராத்தா?" என்று ஹப்ஸா கேட்டாள். "ஒண்டுமில்ல, மச்சம் வடிவா இரிக்கி" என்றாள் ஹாஜறா.

திரும்பி வந்தபோது அவள் கண்கள் நிறைந்திருந்தன. வெளியே வண்டில்கள் வந்து நிற்கும் சத்தமும் பெண்களின் குரவையும் கேட்டன. அவள் முக்காட்டைச் சரிசெய்து, பொட்டு நன்றாகத் தெரியும்படி ஓரத்தை ஒதுக்கிவிட்டாள்.

"ஒரு மயிரிழை விலகல்ல," என்றாள். "எங்க வைக்கிற எண்டு ஒரு தரமாவது என்னட்டக் கேட்டிரிக்கலாம்."

பிறகு வெத்திலை வட்டாவை எடுத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க வாசலுக்குப் போனாள்.